வெந்த இட்லியும் மொட்டை டயரும்

ஓசி டின்னருக்கு ஆள் அனுப்புவதில் எங்கள் ஆபீசில் ஒரு முறை உண்டு. அழைப்பிதழில் 'காக்டெயில்ஸ், டின்னர்' என்று போட்டிருந்தால் ஜெனரல் மேனேஜர் போவார். வெறும் 'டின்னர்' என்றால் மேனேஜர். 'சிறப்புச் சொற்பொழிவுகளுக்குப் பின் இரவு உணவு' என்றிருந்தால் நான்.

அப்படித்தான் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு, கிண்டியில் ஒரு பெரிய ஓட்டல் வாசலில் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நின்றேன். (இந்த மாதிரி ஓட்டல்களில் காருக்கு இடம் காட்ட நாலு பேர் இருக்கிறார்கள். ஸ்கூட்டரைப் பார்த்ததும் நாலு பேரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.) டயர் தொழில்காரர்கள் சங்கம் ஒன்றின் ஆண்டு விருந்து. பொருள்: 'பழைய டயர் - குப்பையா, செல்வமா?' இப்படிக் கேள்விக்குறி போட்ட தலைப்புகளுக்கு விடை எப்போதும் இரண்டாவதுதான். 'குப்பைதான்' என்று சொல்வதற்கு யாரும் ஹால் வாடகை கொடுக்க மாட்டார்கள்.

நான் ஒரு லாரி கம்பெனியில் பர்ச்சேஸ் அசிஸ்டென்ட். புது டயர் வாங்குவதும் என் மேஜை வழியாகத்தான், பழைய டயர் விற்பதும் என் மேஜை வழியாகத்தான். மாதவரம் யார்டில் 212 மொட்டை டயர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொசு வளர்த்துக் கொண்டிருந்தன. அவற்றுக்கு மூன்று கொட்டேஷன் வந்திருந்தது. யார் ரேட் அதிகமோ அவருக்குக் கொடுக்கலாம் என்று திங்கட்கிழமை நோட் போட வேண்டியதுதான் பாக்கி. "போய்ட்டு வாப்பா. இன்னும் ரெண்டு ரூபா கூட்டிக் கேட்கிறவன் எவனாவது இருந்தா கார்டு வாங்கிட்டு வா" என்று சொல்லித்தான் மேனேஜர் அனுப்பினார்.

ஹாலுக்குள் ஏ.சி. காற்றில் குத்துவிளக்கு எரிய மறுத்தது. ஐந்து முகத்துக்கு ஐந்து பிரமுகர்கள். ஒருவர் ஏற்ற, அடுத்தவர் முகம் அணைய, கடைசியில் ஓட்டல் சிப்பந்தி ஒருவர் வந்து லைட்டரால் ஒரே நிமிடத்தில் ஐந்தையும் ஏற்றிவிட்டுப் போனார். கைதட்டல் பிரமுகர்களுக்கு. பக்கத்து அறையிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டை முதலில் போட்டால் பேச்சுக்கு ஆள் இருக்காது என்பது எல்லாச் சங்கங்களுக்கும் தெரியும்.

முதலில் ஒரு பேராசிரியர். ரப்பர் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறவர். ஸ்லைடு எதையும் போடாமல், "உங்கள் வீட்டில் இட்லி மாவு இருக்கிறது" என்று ஆரம்பித்தார். "அதைத் தோசையாக வார்க்கலாம், ஊத்தப்பமாக ஊற்றலாம், பிடிக்காவிட்டால் மறுபடி பாத்திரத்திலேயே வழித்து வைக்கலாம். ஆனால் இட்லியாக வெந்துவிட்ட பிறகு அதை மறுபடி மாவாக்க முடியுமா?"

முன்வரிசையில் பசியோடு இருந்த ஒருவர், "முடியாது சார்" என்றார் உருக்கமாக.

பழைய பிளாஸ்டிக் வாளியை உருக்கிப் புது வாளி செய்யலாம், பழைய டயரை உருக்கிப் புது டயர் செய்ய முடியாது. காரணம், கந்தகம். பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் உடையும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடு காட்டினால் உறுதியாகிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். ரப்பரின் நீளமான இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் பாலமாகக் கட்டிப் பிணைத்துவிடுகிறது. பிணைந்தது பிணைந்ததுதான், சூடு காட்டினால் கருகுமே தவிர உருகாது. டயர் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்கு எது காரணமோ, அதேதான் அது செத்த பிறகும் போகாமல் கிடப்பதற்கும் காரணம். (குட்இயர் 1860-ல் பெருங்கடனோடு செத்துப் போனார். அவர் பேரை வைத்துக்கொண்ட கம்பெனி 1898-ல்தான் வந்தது. அவருக்கும் அதற்கும் பேரைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. பி.எஃப். பணத்துக்கு அலையும் நண்பர்கள் ஆறுதல் கொள்க.)

"ஆனால் இட்லி மிஞ்சினால் நாம் என்ன செய்கிறோம்? உப்புமா!" என்றார் பேராசிரியர். டயரை அரைத்துத் தூளாக்கினால் தரை விரிப்பு, விளையாட்டு மைதானத்துத் தளம், தாரோடு கலந்தால் ரோடு. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் சார்லஸ் மெக்டொனால்டு என்ற இன்ஜினீயர் 1960-களிலேயே ரோட்டில் போட்டுப் பார்த்துவிட்டார். மருந்தும் சூடும் கொடுத்துக் கந்தகப் பாலங்களில் சிலவற்றை உடைத்து 'ரீக்ளெய்ம்' ரப்பர் எடுக்கலாம். அதையும் புது டயரில் கொஞ்சமாகத்தான் சேர்க்க முடியும். ஆக, மறுசுழற்சி என்று மேடையில் சொல்வதில் பெரும்பகுதி இட்லி உப்புமாதான் என்று எனக்குப் புரிந்தது. நன்றாகவே இருக்கும். ஆனால் இட்லி இல்லை.

ஒன்றும் செய்யாமல் குவித்து வைத்தால்? கனடாவில் ஹேகர்ஸ்வில் என்ற ஊரில் 1990 பிப்ரவரியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் தீப்பிடித்து 17 நாள் எரிந்தன. கடலில் போட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஃப்ளோரிடா கரையோரம் 1972-ல், மீன் குடியிருக்கட்டும் என்று சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டு அறுந்தது. புயலடிக்கும் போதெல்லாம் டயர்கள் உருண்டு போய் பக்கத்தில் இருந்த நிஜப் பவளப் பாறைகளை மோதி நொறுக்கின. 2007-லிருந்து ராணுவ முக்குளிப்பவர்களை இறக்கி ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்கள். வீடு கட்டித் தருகிறேன் என்று போய், இருந்த வீட்டையும் இடித்த கதை.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. 2018 போகி அன்று சென்னையில் பனியோடு டயர்ப் புகையும் மற்ற புகையும் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பழையன கழிதல் என்பதைப் பக்கத்து ஊர் ஏர்போர்ட் வரைக்கும் கொண்டு போன பெருமை நமக்கு உண்டு.

அடுத்துப் பேசிய அதிகாரி சட்டத்தைச் சொன்னார். 2022 ஜூலையில் வந்த விதிகளின்படி, டயர் செய்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும்தான் பழைய டயருக்குப் பொறுப்பு. முதல் வருஷம், இரண்டு வருஷத்துக்கு முன் செய்த அளவில் 35 சதவீதம். அடுத்த வருஷம் 70. அதற்கடுத்து 100. (இன்க்ரிமென்ட் இப்படி ஏறியிருந்தால் நானும் காரில் வந்து இறங்கியிருப்பேன்.) மறுசுழற்சி செய்கிறவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் தரும் சான்றிதழைக் கம்பெனிகள் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். டயரை ரீட்ரெட் செய்தால் அந்த அளவுக்கான பொறுப்பு ஒரு வருஷம் தள்ளிப் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ரொம்ப வேகமாகப் படித்தார்.

மூன்றாவது ஆள் மெஷின் விற்கிறவர். டயரைக் காற்றுப் படாமல் சூடுபடுத்தினால் எண்ணெய், கரி, வாயு, இரும்புக் கம்பி எல்லாம் தனித்தனியாக வரும், வாயுவை அதே அடுப்பில் எரிக்கலாம், எதுவுமே வீணாகாது. 'பைரோலிசிஸ்' என்று பெயர். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஓரத்தில் ஒரு பச்சை இலை இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். குறட்டை என்று நினைத்தேன். இல்லை.

பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நாமக்கல்லில் நாற்பது வருஷமாக ரீட்ரெட் பட்டறை வைத்திருப்பவராம். அழைப்பிதழில் அவருக்கும் இரண்டு நிமிடம் 'வாழ்த்துரை' போட்டிருந்தது. மெஷின்காரர் அரை மணி எடுத்துக்கொண்டதில் வாழ்த்துரை போய்விட்டது. பொன்னாடையை மட்டும் போர்த்தி, எல்லாருக்கும் கொடுத்த மாதிரி ஒரு பேனா ஸ்டாண்டையும் கொடுத்து இறக்கிவிட்டார்கள். பழைய டயர்த் தூளில் செய்த பேனா ஸ்டாண்ட். மோந்து பார்த்தால் பஞ்சர் கடை.

ஆக, மேடையில் பேச முடியாத இரண்டு நிமிடம் எனக்குக் கிடைத்தது. பிரியாணி வரிசையில் ஆரம்பித்து ஐஸ்கிரீம் வரை போனது.

"மூணு பேர் பேசினாங்க தம்பி. செத்த டயரை என்ன பண்றதுன்னு பேசினாங்க. சாகாத டயரை ஏனுங்க கொல்றீங்கன்னு ஒருத்தர் கேட்டாங்களா?"

"சாகாத டயர்னா என்னங்க ஐயா?"

"மேல் பட்டனு தேஞ்சுதுன்னா டயரு செத்துப் போச்சுன்னு அர்த்தமா? தேயறது உடம்புல பத்துப் பதினஞ்சு பங்குதானுங்க. உள்ள இருக்கிற கேசிங் அப்படியே இருக்கும். அந்த வாத்தியார் நல்லாத்தான் சொன்னாரு, இட்லி வெந்தா மாவாகாதுன்னு. ஆனா தேஞ்ச டயரு இட்லி இல்லீங்க. இட்லித் தட்டு! துணியை மாத்திப் போட்டா மறுபடி ஊத்தலாம்."

பழைய பட்டனைச் சீவி, ரப்பர் பசை தடவி, புதுப் பட்டையை ஒட்டி, அடுப்பில் வேக வைத்து எடுப்பது. புது டயர் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகும். முன் சக்கரத்துக்குப் புதுசு, பின்னால் ரீட்ரெட் என்பது எந்த லாரி டிரைவருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் கம்பெனியில் நாலு வருஷத்துக்கு முன் ஒன்று ஹைவேயில் பிரிந்து போனதிலிருந்து 'ரீட்ரெட்' என்ற வார்த்தையைச் சொன்னாலே மேனேஜருக்குப் பிரஷர் ஏறும். அதைச் சொன்னேன்.

"எவன் ஒட்டினான், எந்தக் கேசிங்ல ஒட்டினான், ஓட்டுறவன் காத்து பாத்தானா... மூணையும் கேக்கணும்ல?" என்றார். பிறகு தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உங்க பழைய டயரெல்லாம் இப்ப யாருங்க எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

வியாபாரி பேரைச் சொன்னேன்.

"எங்க கொண்டு போறாரு?"

எனக்கு அந்த வியாபாரியின் ஜி.எஸ்.டி. நம்பர் தெரியும். பேங்க் அக்கவுண்ட் நம்பர் தெரியும். அவர் பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது தெரியும். டயர் எங்கே போகிறது என்று தெரியாது.

"ரேட் கூட வச்சுக் கேக்கிறாருல்ல? அப்ப அடுப்புக்குத்தான் போவுது" என்றார் பெரியவர். "ஒழுங்கா நடத்துறவங்க இருக்காங்க தம்பி, இல்லேன்னு சொல்லல. மூடின மெஷினு, புகைக்கு வடிகட்டி, பதிவு, பரிசோதனை, எல்லாம் வச்சிருக்காங்க. அதனாலேயே அவங்களால அந்த ரேட் குடுக்க முடியாது. மத்தவன் ஒரு பெரிய இரும்பு டிரம்மு வச்சிருப்பான், அவ்வளவுதான். டயரை உள்ள அடுக்கிக் கதவை முடுக்கி, கீழ நெருப்புப் போடுவான். எண்ணெய் இறங்கினதும் ஆற விடணும். ரொம்ப நேரம் ஆகும். அவனுக்கு அடுத்த லோடு வாசல்ல நிக்குது, வட்டி ஓடுது. சூட்டோட கதவைத் திறப்பான். உள்ள மிச்சமிருக்கிற வாயுவில காத்து பட்டா குப்புனு பிடிக்கும். கதவுக்கு முன்னால யாரு நிப்பான்னு நினைக்கிறீங்க? முதலாளியா?"

நான் ஐஸ்கிரீம் எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை நோட் போட உட்கார்ந்தவன், எழுந்து போய் யார்டு டிரைவரைப் பிடித்தேன். போன தடவை லோடு இறக்கப் போனவர் அவர்தான்.

"டயரை எங்கேண்ணே இறக்கினீங்க?"

"செங்குன்றம் தாண்டி உள்ள போவணும் சார். ஒரு ஷெட்டு. போர்டு கீர்டு ஒண்ணும் இல்ல. பகல்ல சும்மா கெடக்கும், ராத்திரிதான் அடுப்பு எரியும்." கொஞ்சம் தயங்கினார். "நம்ம கிளீனர் பையன் அங்கதான் சார் வேலைக்குப் போனான். தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அதாவது, வேலையை விட்டுப் போனது தெரியும். கடைசி நாள் செட்டில்மென்ட் வாங்க என் மேஜைக்கு வந்தான். நாளைக்கு இருநூறு ரூபாய் அதிகமாம், எங்கேயோ ஃபேக்டரியாம். சந்தோஷமாக எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். 'ஃபேக்டரி' என்றதும் நானும் கைகுலுக்கி வாழ்த்தினேன்.

"கதவைத் திறக்கச் சொல்ல நெருப்பு அடிச்சிடுச்சு சார். மூஞ்சி தப்பிச்சுது. வலது கைதான். விரலை மடக்க வரல. இப்ப ஊர்ல அவங்கம்மாகூட இருக்கான்."

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி. நாம ரெண்டாவது லோடு அனுப்பினோம் பாருங்க, அந்த வாரம்."

அந்த லோடின் டெலிவரி சலான் என் ஃபைலில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து, மிகவும் தெளிவாக.

*

மேனேஜரிடம் போனேன். கணக்குப் போட்டே கொண்டு போயிருந்தேன். 212 டயர், சராசரி 50 கிலோ என்று வைத்தால் 10,600 கிலோ. அதிக ரேட் கேட்டவருக்கும், பதிவு வைத்திருக்கிற அடுத்தவருக்கும் கிலோவுக்கு நாலு ரூபாய் வித்தியாசம். மொத்தம் 42,400.

"இந்த நாப்பத்திரண்டாயிரத்துக்கு நான் மேலே என்ன காரணம் எழுதறது?" என்றார்.

"பதிவு இல்லாத இடம் சார்."

"பதிவு பண்ண வேண்டியது அவன். அது அவன் தலைவலி. நாம சரக்கை வித்தோம், பணம் வாங்கினோம், ஜி.எஸ்.டி. கட்டினோம். அதுக்கப்புறம் அவன் அதை எரிச்சா என்ன, ஊறுகாய் போட்டா என்ன?"

கிளீனர் பையன் விஷயத்தைச் சொன்னேன். பேசாமல் இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவன் தங்கை கல்யாணத்துக்குச் சொந்தப் பணம் ஆயிரம் கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதை நோட்ல எழுத முடியாதுப்பா" என்றார்.

வாஸ்தவம். எங்கள் நோட்ஷீட்டில் 'ரேட்', 'குவான்டிட்டி', 'ரிமார்க்ஸ்' என்று மூன்று கட்டம் இருக்கிறது. 'ரிமார்க்ஸ்' கட்டம் அரை அங்குலம். அதில் ஒரு கை அடங்காது.

அன்று சாயங்காலம் நாமக்கல் பெரியவருக்குப் போன் செய்தேன். சென்னையில் மகள் வீட்டில்தான் இருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கே யார்டில் வந்து நின்றுவிட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும். தண்ணீரைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு டயராக உருட்டி, உள்ளே டார்ச் அடித்து, தடவி, தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். நல்ல கேசிங் ஒரு மாதிரிச் சத்தம் போடுமாம், உள்ளே பிரிந்தது வேறு மாதிரி. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. பானை வாங்கும்போது என் பாட்டி தட்டிப் பார்ப்பாள், அப்போதும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

மத்தியானத்துக்குள் 57 டயரில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார். "இதெல்லாம் இன்னும் ஒரு ஆட்டம் ஓடுமுங்க. மிச்சத்தை வித்துக்குங்க."

எனக்குக் கேட்காத சத்தம் மேனேஜருக்குக் கேட்டது. 57 புது டயர் என்ன விலை, 57 ரீட்ரெட் என்ன விலை என்று மனசுக்குள் கழித்துப் பார்த்ததில் 42,400 எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. "முன் சக்கரத்துல ஒண்ணுகூடப் போடக்கூடாது. வாரம் ஒரு தடவை காத்து செக் பண்ணி எனக்கு ரிப்போர்ட்" என்று இரண்டு நிபந்தனை போட்டார். "மிச்சம் 155-ஐ அந்தப் பதிவு வச்சிருக்கிறவனுக்கே போடு. ரிமார்க்ஸ்ல என்னப்பா எழுதப் போறே?"

'பதிவுச் சான்று நகல் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன். அரை அங்குலத்தில் அடங்கியது.

அவர் பேனாவைத் திறக்கும்போது (அந்த நாற்றம் பிடித்த ஸ்டாண்டிலிருந்துதான், வீட்டில் வைக்க மனைவி அனுமதிக்கவில்லை என்று அவருக்கே கொடுத்துவிட்டேன்) அவருடைய செல்போன் அடித்தது. பழைய வியாபாரி. விஷயம் எப்படியோ போய்விட்டது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார் இப்படிப் பண்றீங்க? நாலு வருஷமா எடுக்கிறேன், ஒரு நாள் பேமென்ட் லேட் ஆயிருக்கா? சரி, இன்னும் மூணு ரூபா கூடப் போட்டுத் தர்றேன். இன்னிக்கே வண்டி அனுப்பறேன்."

மேனேஜர் பேனாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். 155 டயருக்கு மூன்றும் நாலும் ஏழு ரூபாய் என்று அவர் கண்ணிலேயே கால்குலேட்டர் ஓடுவது தெரிந்தது. பிறகு போனை என் பக்கம் தள்ளி, "நீயே பேசு" என்றார்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி" என்றேன். "அந்த டிரம் கதவை எத்தனை மணி நேரம் ஆற விட்டுத் திறப்பீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

"சிக்னல் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.